ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ரக்பி லீக் வரலாற்றுத் தொடர்: ஹல் நகரின் இரண்டு கழகங்கள்

ஹல் ஆறு பெரிய ஆறல்ல. வடக்கிலிருந்து வளைந்து நெளிந்து வந்து, ஊரை இரண்டாகப் பிளந்து, ஹம்பர் முகத்துவாரத்தில் கலக்கும் சேற்று நீர் அது. அதன்மேல் கட்டிய பாலங்களில் சில, படகு வந்தால் தூக்கிக்கொள்ளும் வகை. பாலம் மேலே போய்விட்டால் கிழக்குக் கரைக்காரர் கிழக்கிலும் மேற்குக் கரைக்காரர் மேற்கிலும் நிற்க வேண்டியதுதான். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்தத் துறைமுக நகரத்தின் முழுப்பெயர் கிங்ஸ்டன் அப்பான் ஹல், அதாவது ஹல் ஆற்றங்கரையில் உள்ள அரசனின் ஊர். 1299இல் முதலாம் எட்வர்டு மன்னர் பட்டயம் கொடுத்தபோது அமைந்த பெயர் இது. ஊரின் இரண்டு ரக்பி லீக் கழகங்களுக்கும் பெயர் இதிலிருந்தே வந்தது. மேற்குக் கரைக் கழகம் ‘ஹல்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. கிழக்குக் கரைக் கழகம் ‘கிங்ஸ்ட’னையும் சேர்த்துக்கொண்டது.

ரக்பி லீக் வளர்ந்த மற்ற ஊர்கள் நெருங்கிக் கிடப்பவை. விகனுக்கும் செயின்ட் ஹெலன்சுக்கும், லீட்சுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் கூப்பிடு தூரத்தில் இன்னும் நாலைந்து போட்டியாளர்கள் உண்டு. ஹல் அப்படியல்ல. லீட்ஸ் அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ரயில் பாதை ஊரோடு முடிந்துவிடும். நாடெங்கும் தொலைபேசிப் பெட்டிகள் சிவப்பாக இருக்க, தனித் தொலைபேசி நிறுவனம் நடத்திய ஹல்லில் மட்டும் அவை பாலாடை நிறம். இப்படி ஒதுங்கி இருந்த ஊரில் இரண்டு கழகங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர்தான் உண்டு. ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்தே நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டன.

மூத்தது ஹல் எஃப்.சி.; தொடங்கிய ஆண்டு 1865. ரக்பி பள்ளியில் படித்துவிட்டு ஊர் திரும்பிய வசதியான வீட்டுப் பிள்ளைகள் தொடங்கியது. இளையது 1882இல் பிறந்தது. கொதிகலன் பட்டறைகளில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி ‘கிங்ஸ்டன் அமெச்சூர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது கிங்ஸ்டன் ரோவர்ஸ் ஆகி, கடைசியில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் ஆனது. இன்று கிழக்கு ஹல்லின் அடையாளமாக இருக்கும் இந்தக் கழகம் பிறந்த இடம் மேற்கில், மீனவர் தெருக்கள் நிறைந்த ஹெஸல் ரோடு வட்டாரம். அது ஆற்றைக் கடந்த கதையில்தான் பகையின் வேர் இருக்கிறது.

மேற்கு ஹல்லில் ஏர்லி தெருவை ஒட்டி ‘பூல்வார்டு’ என்றொரு மைதானம். 1892 முதல் மூன்று சீசன் அங்கே ஆடியது ரோவர்ஸ். 1895இல் அந்த மைதானம் ஹல் கழகத்தின் கைக்குப் போனது. இடம் இழந்த ரோவர்ஸ் ஆற்றைத் தாண்டி, ஹோல்டர்னஸ் சாலைக்குப் பக்கத்தில் கிரேவன் தெருவில் குடியேறியது. ஊர்ப் பகைகளுக்கு மதம், அரசியல், வர்க்கம் என்று ஆழமான காரணம் தேடுவது வழக்கம். இங்கே தொடக்கம் ஒரு மைதானக் குத்தகை. மற்றதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அதே 1895இல்தான், சென்ற அத்தியாயத்தில் கண்ட ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டல் கூட்டம் நடந்து, பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்து நார்தர்ன் யூனியன் பிறந்தது. அதைத் தொடங்கிய 22 கழகங்களில் ஹல் ஒன்று. ரோவர்ஸ் இரண்டு ஆண்டு பழைய சங்கத்திலேயே தங்கிவிட்டு 1897இல் வந்து சேர்ந்தது. மேல்நிலைப் பிரிவுக்கு வந்ததோ 1899இல்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று கிரேவன் தெருவில் இரு ஊர்க் கழகங்களும் மோதிய முதல் லீக் டெர்பி. பார்க்க வந்தவர்கள் சுமார் 14,000 பேர். வெளியேற்றப்பட்ட கழகம் 8-2 என்று வென்றது.

அதற்குள் இரு கரைகளுக்கும் தனித்தனி முகம் வந்திருந்தது. மேற்கே மீன்பிடித் துறை. டிராலர் கப்பல்களில் மூன்று வாரம் வடகடலுக்குப் போய், மூன்று நாள் கரையில் இருந்துவிட்டு மறுபடி போகும் வாழ்க்கை. ஹெஸல் ரோடு முழுக்க அந்தக் குடும்பங்கள். அவர்களுடைய கழகம் கறுப்பு-வெள்ளைப் பட்டைச் சட்டை அணிந்த ஹல். கிழக்கே சரக்குத் துறைகளும் ஆலைகளும். அங்கே சிவப்பு-வெள்ளை ரோவர்ஸ். சட்டை நிறத்தால் ரோவர்சுக்கு ‘ராபின்ஸ்’ என்ற பட்டப்பெயர். ஏர்லி தெருவால் ஹல்லுக்கு ‘ஏர்லி பேர்ட்ஸ்’. பன்றி இறைச்சியில் சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக இருப்பதால் அதையே தொடமாட்டேன் என்று சபதம் எடுத்த மேற்குக் கரைக் கிழவர்கள் பற்றி ஊரில் கதை சொல்வார்கள். எத்தனை பேர் உண்மையில் காலை உணவைத் தியாகம் செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகள் ரோவர்சுக்கு ஒரு சாதனையும் ஹல்லுக்கு நிறையத் தோல்விகளும் தந்தன. 1905 மார்ச்சில் பிரூக்லண்ட் ரோவர்ஸ் என்ற சிறு கழகத்துக்கு எதிரான சேலஞ்ச் கோப்பை ஆட்டத்தில் ஜார்ஜ் வெஸ்ட் என்ற ரோவர்ஸ் வீரர் 11 ட்ரை, 10 கோல் என்று ஒருவரே 53 புள்ளி எடுத்தார். அதை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஹல்லோ 1908, 1909, 1910 என்று அடுத்தடுத்து மூன்று கோப்பை இறுதிகளில் தோற்றது. பிறகு பணத்தை இறக்கியது. 1913இல் ஹன்ஸ்லெட் கழகத்திலிருந்து பில்லி பேட்டனை 600 பவுண்டு கொடுத்து வாங்கியது, அக்காலத்தில் அது கண்ணைக் கட்டும் தொகை. மறு ஆண்டே கோப்பை வந்தது. அந்த 1913-14 சீசனில் ஜாக் ஹாரிசன் என்ற பள்ளி ஆசிரியர் ஹல்லுக்காக 52 ட்ரை எடுத்தார். கழகத்தின் சாதனையாக அது இன்னும் நிற்கிறது. 1917 மே 3 அன்று பிரான்ஸின் ஓப்பியில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கித் தனியாக ஓடினார் ஹாரிசன். திரும்பவில்லை. விக்டோரியா கிராஸ் விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

இந்த இரு கழகங்களின் வரலாற்றை நெடுகப் பார்த்தால் ஒரு கிணற்று ராட்டினம் தெரியும்: ஒரு வாளி மேலே வந்தால் மற்றது கீழே. இரண்டும் ஒரே சமயத்தில் மேலே இருந்த காலம் இரண்டே முறைதான். முதல் முறை 1920-21. அந்த சீசனின் யார்க்‌ஷயர் கோப்பை இறுதியில் ரோவர்ஸ் 2-0 என்று ஹல்லை வென்றது. ஆட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு கோல். சீசன் முடிவில் லீக் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் இறுதிப் போட்டியிலும் இவர்களே. லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் ஹல் 16-14 என்று பழி தீர்த்தது. முந்தைய ஆண்டும் பட்டம் ஹல்லுடையதே.

அதன்பிறகு ராட்டினம் சுழலத் தொடங்கியது. 1922இல் ஹோல்டர்னஸ் சாலையின் கோடியில் கிரேவன் பார்க் என்ற புதிய மைதானத்துக்குப் போன ரோவர்ஸ், 1923லும் 1925லும் சாம்பியன் ஆனது. 1936இல் ஹல். போரில் ஜெர்மானியக் குண்டுகள் இரு கரையையும் பாகுபாடில்லாமல் தரைமட்டமாக்கின. போருக்குப் பின் 1950கள் முழுக்க ஹல்லின் காலம்: 1956லும் 1958லும் பட்டம் மேற்கே போனது. ரோவர்ஸ் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. 1960களில் கிழக்கு நிமிர்ந்தது. 1970களில் மேற்கு சரிந்தது.

இந்த இடைக்காலத்தில் கவனிக்க வேண்டியது கோப்பைகளையல்ல, பாலத்தைக் கடந்த மனிதர்களை. 1950களில் ஹல் அணியின் தலைவராக இருந்த ஜானி வைட்லி, ஹெஸல் ரோட்டின் செல்லப் பிள்ளை. அவரே 1970இல் ரோவர்சின் பயிற்சியாளராகப் போய் உட்கார்ந்தார். ரோவர்சுக்கு ஆடி, ரோவர்சுக்கே பயிற்சியும் கொடுத்த ஆர்தர் பன்டிங், 1978இல் ஹல் அணியின் பொறுப்பை ஏற்றார். எல்லாரையும்விடப் பெரிய பெயர் கிளைவ் சல்லிவன். வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் பிறந்த கறுப்பின இளைஞர். 1961இல் ஹல்லுக்கு வந்தார். விளிம்போரம் ஓடும் விங்கர். மேற்குக் கரைக்காக 250 ட்ரை எடுத்தார். 1972இல் பிரிட்டன் அணிக்குத் தலைவரானார். எந்த விளையாட்டிலும் பிரிட்டிஷ் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். அதே ஆண்டு உலகக் கோப்பையோடு திரும்பினார். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஆடுகளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அவர் ஓடி எடுத்த ட்ரையை இன்றும் பேசுகிறார்கள். 1974இல் அவர் ரோவர்சுக்கு மாறினார். கிழக்குக் கரையில் இன்னும் 118 ட்ரை. இரு பக்கமும் அவரைத் தங்கள் ஆளாகவே நினைத்தது. சாதாரணமாகத் துரோகி என்ற பட்டம் கிடைக்க வேண்டிய இடத்தில் அவருக்கு மரியாதைதான் கிடைத்தது. அவருடைய வேகம் பாதிக் காரணம், குணம் மீதி.

இரண்டு வாளிகளும் மறுபடி மேலே வந்தது 1979 முதல் 1985 வரை. இந்தப் பொற்காலம் வந்த நேரம் விசித்திரமானது. 1968 தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் மூன்று ஹல் டிராலர்கள் மூழ்கி 58 பேர் இறந்திருந்தனர். 1976இல் ஐஸ்லாந்தோடு நடந்த மீன்வளத் தகராறு பிரிட்டனுக்குப் பாதகமாக முடிந்து, தொலைகடல் மீன்பிடிப்பே படுத்துவிட்டது. ஹெஸல் ரோட்டில் வேலை இல்லை, துறைகளிலும் ஆட்குறைப்பு. ஊர் நொடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதன் இரண்டு கழகங்களும் நாட்டிலேயே முதன்மையாக நின்றன. 1978-79இல் இரண்டாம் பிரிவில் ஆடிய ஹல், 26 ஆட்டத்தில் 26ஐயும் வென்று மேலே வந்தது. அதே சீசனில் முதல் பிரிவின் சாம்பியன் ரோவர்ஸ்.

அடுத்த சீசன் இரண்டும் சேலஞ்ச் கோப்பையின் இறுதிக்கு வந்துவிட்டன. 1980 மே 3, லண்டன் வெம்பிளி. ஊரே கிளம்பியது. வெளியேறும் நெடுஞ்சாலையோரம், கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று யாரோ அட்டை எழுதி வைத்தார்கள். ஹல்லில் அந்த அட்டையைச் சொல்லாமல் இந்தப் போட்டியைப் பற்றி யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. வெம்பிளியில் கூட்டம் 95,000.

ரோவர்சின் தலைவர், பயிற்சியாளர் இரண்டும் ராஜர் மில்வர்டு. 1966இல் காஸில்ஃபோர்டிலிருந்து 6,000 பவுண்டுக்கு வந்த குள்ளமான மனிதர். எடை குறைவு, சாமர்த்தியம் அதிகம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் ஸ்டீவ் ஹப்பர்டு ரோவர்சுக்கு ட்ரை எடுத்தார். சற்று நேரத்தில் பந்தை விடுவித்தபின் வந்த ஒரு மோதலில் மில்வர்டின் தாடை உடைந்தது. அவர் வெளியேறவில்லை. உடைந்த தாடையோடு முழு ஆட்டமும் ஆடி, ஒரு டிராப் கோலும் அடித்தார். ஹல்லுக்கு டிம் வில்பியின் ட்ரையும் ஒரு கோலும்தான், அதற்குமேல் நகரவில்லை. ஹப்பர்டின் மூன்று கோல்களும் சேர்ந்து கணக்கு 10-5. ஆட்ட நாயகனுக்கான லான்ஸ் டாட் கோப்பை ரோவர்சின் பிரையன் லாக்வுட்டுக்கு. அழகான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரு தரப்பும் பயந்து பயந்து ஆடியது. தோற்ற அணியின் பயிற்சியாளர் முன்னாள் ரோவர்ஸ்காரர் பன்டிங். வென்ற அணியின் ஓரத்தில் முன்னாள் ஹல் நாயகன் சல்லிவன், வயது 37.

அன்று முதல் ரோவர்ஸ் ரசிகர்களுக்கு ஒரு ஆயுதம் கிடைத்தது: வெம்பிளியில் நீங்கள் ஒருநாளும் ஜெயிக்கப் போவதில்லை என்ற கேலிப் பாட்டு. அதன் ஆயுள் முப்பத்தாறு ஆண்டு என்று அப்போது பாடியவர்களுக்கே தெரிந்திருக்காது.

தொடர்ந்து வந்த ஆண்டுகளில் இறுதிப் போட்டி என்றாலே ஹல் நகரம் என்றானது. 1981 பிரீமியர்ஷிப் இறுதியில் ரோவர்ஸ் 11-7. 1982 ஜனவரியில் ஜான் பிளேயர் கோப்பை இறுதியில் ஹல் 12-4. அந்த மே மாதம் ஹல் மீண்டும் வெம்பிளி போய் விட்னசோடு 14-14 என்று சமன் செய்தது. லீட்சின் எல்லண்ட் ரோடில் நடந்த மறு ஆட்டத்தில் 18-9 என்று வென்று கோப்பையை எடுத்தது. அதற்குள் ஹல்லுக்கே திரும்பியிருந்த சல்லிவன், 39 வயதில் அந்த மறு ஆட்டத்தில் களமிறங்கினார். இரு கரைக்கும் ஆடிக் கோப்பை வென்ற மனிதர் என்ற பெருமையோடு அவர் கணக்கு முடிந்தது.

லீக் பட்டம் 1983இல் ஹல்லுக்கு, 1984லும் 1985லும் ரோவர்சுக்கு. மூன்று ஆண்டு அது ஊரை விட்டுப் போகவில்லை. இதற்கெல்லாம் பணம் வேண்டும். நியூசிலாந்திலிருந்து கேரி கெம்பிள், ஜேம்ஸ் லியுலுவாய், டேன் ஓஹாரா என்று மூவரை ஹல் கொண்டுவந்தது. பிறகு ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஸ்டெர்லிங். ரோவர்ஸ் 1981இல் விகனிலிருந்து ஜார்ஜ் ஃபேர்பேர்னை 72,500 பவுண்டுக்கு வாங்கி, நியூசிலாந்தின் கேரி ப்ரோம், மார்க் பிராட்ஹர்ஸ்ட் இருவரையும் சேர்த்தது. உச்சம் 1984-85. யார்க்‌ஷயர் கோப்பை இறுதியும் ஜான் பிளேயர் இறுதியும் ஹல்லுக்கும் ரோவர்சுக்கும்தான். வெளியூர் போவானேன் என்று இரண்டையும் ஹல் நகரின் கால்பந்து மைதானமான பூத்ஃபெரி பார்க்கிலேயே வைத்தார்கள். முதலாவதில் ஹல் 29-12, இரண்டாவதில் ரோவர்ஸ் 12-0. அந்த சேலஞ்ச் கோப்பையிலும் இருவருமே அரையிறுதிவரை வந்தார்கள். ரோவர்ஸ் அங்கே விகனிடம் விழுந்தது. இறுதியில் அதே விகனிடம் ஹல் 28-24 என்று தோற்றது.

1985 அக்டோபரில் சல்லிவன் புற்றுநோயால் இறந்தார். வயது 42. மேற்கிலிருந்து ஊருக்குள் வரும் பெருஞ்சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். டெர்பியில் வெல்லும் அணிக்கும் அவர் பெயரில் ஒரு கோப்பை உண்டு. கிழக்கே போகும் சாலைக்குப் பிற்பாடு மில்வர்டின் பெயர் வந்தது.

பொற்காலத்தின் கடன் பின்னால் வந்தது. 1989இல் ரோவர்ஸ் பழைய கிரேவன் பார்க்கை விற்று, ஊரின் கிழக்கு விளிம்பில் அதே பெயரில் ஒரு மைதானத்துக்குப் போனது. அந்த ஆண்டே இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியது. ஹல்லும் தேய்ந்தது. 1995 ஏப்ரலில் ரூபர்ட் மர்டாக்கின் தொலைக்காட்சிப் பணத்தோடு சூப்பர் லீக் திட்டம் வந்தபோது, அதில் ஒரு வரி: ஹல்லும் ரோவர்சும் இணைந்து ‘ஹம்பர்சைடு’ என்ற ஒரே கழகமாக வேண்டும். நூறாண்டுகளில் முதல்முறையாக இரு கரையும் ஒரே பேச்சு பேசின: முடியாது. பிற ஊர்களிலும் எதிர்ப்பு எழுந்ததால் இணைப்புத் திட்டம் சில வாரங்களில் கைவிடப்பட்டது. ஆனால் 1996இல் தொடங்கிய சூப்பர் லீகில் இரண்டுக்குமே இடமில்லை. ஹல் 1998இல் உள்ளே போனது. ரோவர்சுக்கு 2007 வரை ஆனது. இடைப்பட்ட ஒன்பது சீசன் லீகில் டெர்பியே இல்லை. ஹல் 2002 முடிவில் பூல்வார்டை விட்டு, கால்பந்துக் கழகத்தோடு பங்குபோடும் புதிய அரங்கத்துக்குப் போய்விட்டது.

2005இல் ஹல் லீட்சை 25-24 என்று வென்று சேலஞ்ச் கோப்பை எடுத்தது. வெற்றி ட்ரை பால் குக்குடையது. ஆனால் வெம்பிளி இடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் போட்டி நடந்தது கார்டிஃபில். ஆகவே கேலிப் பாட்டு செல்லும் என்று கிழக்குக் கரை தீர்ப்பு சொன்னது. அந்தக் குக்கே 2007 சீசனின் நடுவில் ரோவர்சுக்குப் போனார். சல்லிவனுக்குக் கிடைத்த மன்னிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

பாட்டு நின்றது 2016 ஆகஸ்டில். வெம்பிளிக்கு ஒன்பதாவது முறை போன ஹல், வாரிங்டனை 12-10 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்த எதிராளியின் கையிலிருந்து டேனி ஹவ்டன் பந்தைத் தட்டிவிட்ட டாக்கிள் அந்த வெற்றியைக் காத்தது. அடுத்த மாதம் முடிந்து அக்டோபர் 1 அன்று, சூப்பர் லீகில் தங்குவதற்கான ஆட்டத்தில் சால்ஃபோர்டிடம் கூடுதல் நேரத்தில் 19-18 என்று தோற்று ரோவர்ஸ் கீழே இறங்கியது. ராட்டினம் இவ்வளவு துல்லியமாக அதற்குமுன் சுழன்றதில்லை. 2017லும் ஹல் கோப்பையைத் தக்கவைத்தது. ரோவர்ஸ் 2018இல் திரும்பிவந்தது.

மறு சுற்று கிழக்கினுடையது. 2023 சேலஞ்ச் கோப்பை இறுதியில் லீயிடம் 17-16, சூப்பர் லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் 2024 கிராண்ட் ஃபைனலில் விகனிடம் 9-2 என்று ரோவர்ஸ் வாசல்வரை போய்த் திரும்பியது. 2025 ஜூன் 7 அன்று வெம்பிளியில் வாரிங்டனுக்கு எதிராக ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் டாம் டேவிஸ் ட்ரை எடுக்க, மிக்கி லூயிஸ் அடித்த கோலால் 8-6. நாற்பது ஆண்டுகளில் ரோவர்சின் முதல் பெரிய கோப்பை. லீக் பட்டியலிலும் அதுவே முதலிடம். அக்டோபர் 11 அன்று ஓல்டு டிராஃபோர்டில் நடந்த கிராண்ட் ஃபைனலில் விகனை 24-6 என்று வென்று மூன்று பட்டத்தையும் ஒரே சீசனில் முடித்தது. கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய பிளே-ஆஃபில் ஆறு அணிகளுக்கு இடம் இருந்தது. ஹல் அந்த ஆண்டு ஏழாவது.

(தொடரும்)